‘சைன்’ என்று எழுதிய துளையிலிருந்து சுத்தமான சைன் வருமா?

அனலாக் மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி, வாங்கிய பலருக்கும் சீக்கிரமே ஒரு சந்தேகம் வரும். ஒலி அலையைத் தரும் பகுதியான ஆஸிலேட்டரின் முகப்பில் நான்கு துளைகள்: ரம்பம், சதுரம், முக்கோணம், சைன். சைன் துளையில் வயரைச் செருகினால் ஒலி மிருதுவாகத்தான் வருகிறது. ஆனால் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டால் உள்ளே ஏதோ ரீங்கரிக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருவிழாவுக்கு உறுமி மேளம் அடிக்கும் பிள்ளைகளும் கல்யாண மேடையில் கீபோர்டு வாசிப்பவர்களுமாகச் சிலர் இப்போது இந்தப் பெட்டிகளில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இதுதான்: “அண்ணே, வாங்கினதே பழுதா?”

பழுது இல்லை, தம்பி. பெரும்பாலான அனலாக் ஆஸிலேட்டர்கள் சைன் அலையைப் பிறப்பிப்பதே இல்லை. வேறொரு அலையைப் பிறப்பித்து, அதை வளைத்து, சைன் போன்ற ஒன்றாக்கித் தருகின்றன. அந்த ‘போன்ற’வில் மிச்சம் இருப்பதுதான் காதில் விழும் ரீங்காரம். அதைக் குறைக்க வழி உண்டு. மிச்சம் இருப்பது எந்தச் சுரம் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், எதைத் திருக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சுரம்

சைன் அலை என்றால் ஒரே ஓர் அதிர்வெண். 220 ஹெர்ட்ஸ் சைன் என்றால் அதில் 220 மட்டும்தான் இருக்க வேண்டும். மற்ற எந்தத் தொடர் அலையையும் பல சைன்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்பதை பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் விளக்கினார். 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ரம்ப அலைக்குள் 220, 440, 660, 880, 1100 என்று வரிசையாகச் சைன்கள் அடுக்கியிருக்கும். அடியில் இருப்பது அடிப்படைச் சுரம். மேலே இருப்பவை மேற்சுரங்கள்.

இதைக் கேட்டுப் பழக நமக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது: தம்புரா. 220ஐ ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மேற்சுரமான 440, மேல் ஸ்தாயி ச. மூன்றாவதான 660, அந்த ஸ்தாயியின் ப. நான்காவது மறுபடி ச. ஐந்தாவதான 1100, அதற்கும் மேலே உள்ள அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கிறது என்று பாடகர்கள் சொல்வது இந்த ஐந்தாவது மேற்சுரத்தைத்தான். பாலத்தில் வைக்கும் சிறு நூல் அந்த மேற்சுரங்களைத் தூண்டிவிடுகிறது. தம்புராவுக்கு எது அழகோ, அது முழுவதும் நீங்கிய ஒலிதான் நாம் தேடும் சைன். ஆகவே தம்புராவில் காந்தாரத்தைப் பிடிக்கத் தெரிந்த காது, சைன் அலையில் ஒளிந்திருக்கும் காந்தாரத்தையும் பிடித்துவிடும். கருவியில்லாமல் பாதி வேலை முடிந்தது.

எந்த அலையில் எவ்வளவு மேற்சுரம்? ரம்ப அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. இரண்டாவது பாதி அளவு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று குறையும். சதுர அலையிலும் அதே விகிதம்தான், ஆனால் ஒற்றைப்படை மட்டும். முக்கோண அலையிலும் ஒற்றைப்படை மட்டும்தான். ஆனால் மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று விறுவிறுவெனக் குறைந்துவிடும். மேற்சுரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்படைச் சுரத்தோடு ஒப்பிட்டால் வருவதை மொத்தத் திரிபு என்கிறோம். ரம்பத்தில் அது சுமார் 80 விழுக்காடு, சதுரத்தில் 48, முக்கோணத்தில் 12. சைனுக்கு மிக அருகில் நிற்பது முக்கோணம். எனவேதான் பெரும்பாலான ஆஸிலேட்டர்கள் முக்கோணத்தை வளைத்துச் சைன் செய்கின்றன.

நேராகவே சைன் செய்தால் என்ன?

நியாயமான கேள்வி. செய்யலாம், செய்திருக்கிறார்கள். 1939இல் வில்லியம் ஹியூலெட் அமைத்த சைன் ஆஸிலேட்டர்தான் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் முதல் பொருள். வீன் பாலம் என்ற சுற்றை வைத்துச் செய்தார். இந்த வகைச் சுற்றில் ஒரு தலைவலி உண்டு. பெருக்கம் கொஞ்சம் குறைந்தால் அலை செத்துப்போகும். கொஞ்சம் கூடினால் தலை தட்டையாகி அசுத்தமாகும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்த ஹியூலெட் சுற்றுக்குள் ஒரு சின்ன மின்குமிழை வைத்தார். அலை பெரிதானால் குமிழின் இழை சூடாகும், சூடானால் மின்தடை கூடும், கூடினால் பெருக்கம் குறையும். தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும். எனக்கு மின்னணுவியலிலேயே மிகவும் பிடித்த யோசனை அது. இந்த ஆஸிலேட்டரின் அடுத்த வடிவத்தில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஃபேன்டேஷியா’ படத்தின் ஒலி வேலைக்காக வாங்கியது.

இசைக்கு அது ஏன் ஒத்துவரவில்லை? இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். அதிர்வெண்ணை மாற்றும்போதெல்லாம் அலையின் வீச்சு தள்ளாடி, பிறகுதான் நிலைக்கும். சோதனைக்கூடத்தில் காத்திருக்கலாம். கீபோர்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த ஸ்தாயிக்குத் தாவுகிறவர் காத்திருக்க முடியாது. மேலும், மாடுலரில் சுருதியைத் தீர்மானிப்பது கையல்ல, மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். 1960களின் நடுவில் ராபர்ட் மூக் நிலைநாட்டிய இந்த முறைதான், 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் தொடங்கிவைத்த யூரோரேக் என்ற மாடுலர் வகைப் பெட்டிகளிலும் ஓடுகிறது.

எனவே ஆஸிலேட்டர்கள் வேறு வழியில் போயின. மின்னைச் சேர்த்துவைக்கும் பாகமான ஒரு கெப்பாசிட்டருக்குள் சீரான மின்னோட்டத்தை விடுவார்கள். அதன் மின்னழுத்தம் நேர்கோடாக ஏறும். ஓர் எல்லையைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் அதைச் சட்டென்று காலியாக்கும். மறுபடி ஏறும். இது ரம்ப அலை. காலியாக்குவதற்குப் பதில், எல்லையைத் தொட்டதும் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பிவிட்டால் ஏறியது அதே வேகத்தில் இறங்கும். இது முக்கோண அலை. மின்னோட்டத்தைக் கூட்டினால் வேகம் கூடும், அவ்வளவுதான். தாவலும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. பத்து ஸ்தாயி வரை ஓட்டலாம். பல புகழ்பெற்ற சிந்தசைசர்களுக்குள் இருக்கும் சிஇஎம் 3340 என்ற சிப்பில் ரம்பம், முக்கோணம், துடிப்பு மூன்றும்தான் வெளிவரும். சைனுக்கென்று அதில் ஓர் இணைப்புக் காலே (பின்) இல்லை.

வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரம்பத்தை மையமாகக் கொண்ட ஆஸிலேட்டர், ரம்பத்தை நடுவில் மடித்து முக்கோணம் செய்கிறது. கெப்பாசிட்டர் காலியாகும் அந்த நொடித்துளியில் முக்கோணத்தின் ஒரு முனையில் ஒரு சிறு கீறல் விழும். அது சைனிலும் தொடரும். காதுக்கு அது உயரத்தில் கேட்கும் ஒரு மெல்லிய ரீங்காரம். சுரம் உயர உயர மோசமாகும். முக்கோணத்தை மையமாகக் கொண்ட ஆஸிலேட்டரில் இந்தக் கீறல் இல்லை. சுத்தமான சைன்தான் உங்கள் நோக்கம் என்றால் இரண்டாவது வகையை எடுங்கள் என்பேன்.

வளைப்பதும் திருகுவதும்

முக்கோணத்தின் கூர் முனையை உருட்டினால் சைன். இதற்கு டயோடுகளையோ, இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடியாகவோ, எல்எம் 13700 போன்ற சிப்பையோ பயன்படுத்துவார்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் பாகங்கள் வாங்கிச் சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். டிரான்சிஸ்டர் ஜோடிக்குச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால் நேராக நடந்துகொள்ளும், பெரிதாகக் கொடுத்தால் தலையைச் சாய்க்கும். முக்கோணத்தைச் சரியான அளவில் உள்ளே விட்டால், அதன் முனை சாய்கிற இடத்தில் போய் உருண்டுவிடும். அளவு குறைந்தால் முனை கூராகவே நிற்கும். கூடினால் தட்டையாகிச் சதுரத்தின் பக்கம் சாயும். இரண்டிலுமே தலைகாட்டுவது மூன்றாம் மேற்சுரம், அதாவது ப.

இன்னொரு பிழையும் உண்டு. அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளையாவிட்டால் இரட்டைப்படை மேற்சுரங்கள் முளைக்கும். முதலில் கேட்பது மேல் ஸ்தாயி ச.

ஆகவே நல்ல ஆஸிலேட்டர்களில் சைனுக்கென்று இரண்டு சிறு ட்ரிம்மர்கள், அதாவது திருகிச் சரிசெய்யும் மின்தடைகள், இருக்கும். ஒன்று சமச்சீர். இன்னொன்று வளைவு. மேல் ச கேட்டால் சமச்சீர், ப கேட்டால் வளைவு. சமச்சீரை முதலில் திருகி, பிறகு வளைவைத் திருகி, திரும்பவும் சமச்சீருக்கு வாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். பெட்டி உறையைத் திறந்து செய்யும் வேலை என்பதால், பிளாஸ்டிக் முனை உள்ள சிறு ஸ்குரூ டிரைவர் நல்லது. பலகைகளில் ஓடுவது 12 வோல்ட்தான், ஆனால் சில பெட்டிகளுக்குள் வீட்டு மின்சாரம் நேராக வரும். அந்த மூலைப் பக்கம் கை போகவே கூடாது.

எவ்வளவு திருகினோம் என்று எப்படி அறிவது? ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவார்கள். அதை நம்ப வேண்டாம். ஓரிரு விழுக்காடு திரிபு கண்ணுக்குத் தெரியாது. கணினியில் ஒலியைப் பதிவுசெய்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படத்தை, பாருங்கள். அடிப்படைச் சுரத்தைவிட மேற்சுரம் 40 டெசிபெல் கீழே இருந்தால் அது ஒரு விழுக்காடு. 60 டெசிபெல் கீழே என்றால் ஆயிரத்தில் ஒன்று.

கணினி இல்லாமலும் செய்யலாம், அதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆஸிலேட்டரை 220 ஹெர்ட்ஸில் வையுங்கள். கைப்பேசியில் ஏதாவது ஒரு ஒலியெழுப்பிச் செயலியைத் திறந்து 661 ஹெர்ட்ஸ் சைனை மிக மெல்லமாக ஒலிக்க விடுங்கள். ஆஸிலேட்டரின் சைனில் மூன்றாம் மேற்சுரம் இருந்தால் அது 660. 660உம் 661உம் சேர்ந்தால் நொடிக்கு ஒரு தடவை ஒலி எழுந்து அடங்கும். இரண்டு வீணைத் தந்திகள் சுருதி சேராமல் நிற்கும்போது கேட்கும் அதே அலைவு. இப்போது வளைவு ட்ரிம்மரை மெல்லத் திருகுங்கள். அலைவு மங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் மறையும். இன்னும் திருகினால் திரும்பி வரும். மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு செயலியை 441க்கு மாற்றி, சமச்சீர் ட்ரிம்மரால் அதே வேலை. ஆஸிலேட்டர் சற்று நகர்வதால் அலைவின் வேகம் கூடும், குறையும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது அலைவின் ஆழம் மட்டும். ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். உரக்கக் கேட்டால் நம் காதே மேற்சுரங்களை உண்டாக்கிவிடும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத் திருகினால் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரலாம். எக்ஸ்ஆர் 2206 என்ற பழைய அலையாக்கிச் சிப்பின் குறிப்பேடே திருகாமல் 2.5, திருகினால் 0.5 விழுக்காடு என்று சொல்கிறது. அந்த இரண்டு ட்ரிம்மர்களின் மதிப்பு அவ்வளவு.

நம் ஊர் வெயில்

இந்தப் பகுதியைக் குளிர்நாட்டுக் கையேடுகளில் விரிவாகப் பார்க்க முடியாது. டிரான்சிஸ்டர் ஜோடி எந்த மின்னழுத்தத்தில் சாயத் தொடங்கும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. அறை வெப்பத்தில் அதன் அளவுகோல் சுமார் 26 மில்லிவோல்ட். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.33 விழுக்காடு மாறும். ஆஸிலேட்டரின் சுருதி நகர்வதற்கும் இதுவே காரணம். சுருதிக்கு ஈடுகட்டும் தனி மின்தடையை வைத்துவிடுவார்கள். சைன் வளைவுக்கு அப்படி வைப்பது அரிது.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நம் வீடுகளில் தகரக் கூரைக்கடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு 34 டிகிரி என்றால், சாயங்கால மழைக்குப் பிறகு, இரவில் 24. பத்து டிகிரி வித்தியாசத்தில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் அளவுகோல் மாறிவிடுகிறது. பெட்டிக்குள் சூடு இன்னும் அதிகம். அதனால் இரவில் பார்த்துப் பார்த்துத் திருகிய சைனில், மறுநாள் உச்சி வெயிலில் ப மறுபடி தலைகாட்டுவது இயல்பே. நீங்கள் எந்த நேரத்தில் வாசிப்பீர்களோ அதே நேரத்தில், பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு திருகுங்கள். ஏர்கான் அறையில் திருகிவிட்டுக் கோயில் திடலில் வாசித்தால் திருகியது வீண்.

ஃபில்ட்டரிடம் ஒப்படைப்பது

ட்ரிம்மரே இல்லாத ஆஸிலேட்டர் உங்களிடம் இருக்கலாம். சைன் துளையே இல்லாமலும் இருக்கலாம். கையில் நான்கு படி தாழ்நிலை ஃபில்ட்டர் (உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி), அதாவது மூக் ஏணி வகை ஒன்று இருந்தால் போதும். முக்கோணத்தை அதில் விட்டு, கட்ஆஃபை, அதாவது வடிகட்டல் தொடங்கும் அதிர்வெண்ணை, அடிப்படைச் சுரத்திலேயே வையுங்கள். கீபோர்டு மின்னழுத்தத்தை ஆஸிலேட்டருக்கும் ஃபில்ட்டருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். அப்போதுதான் சுரம் ஏறும்போது கட்ஆஃபும் கூடவே ஏறும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு படிகளும் சேர்ந்து, கட்ஆஃபில் இருக்கும் அடிப்படைச் சுரத்தின் வீச்சை நான்கில் ஒன்றாக்கும். மூன்று மடங்கு உயரத்தில் உள்ள மூன்றாம் மேற்சுரத்தை நூறில் ஒன்றாக்கும். அதாவது அடிப்படையோடு ஒப்பிட்டால் மூன்றாவது மேற்சுரம் இருபத்தைந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். முக்கோணத்தில் 11 விழுக்காடு இருந்த ப, 0.44 விழுக்காடு ஆகிறது. ஐந்தாவதான காந்தாரம் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு ட்ரிம்மரையும் தொடாமல் வந்த சுத்தம் இது. ரெசனன்ஸை, அதாவது வெளியே வருவதை மறுபடி உள்ளே அனுப்பும் பின்னூட்டத்தை, கூட்டி, ஃபில்ட்டர் தானே ஒலிக்கத் தொடங்கும் அளவில் பாதிக்குக் கொண்டுபோனால், அடிப்படைச் சுரத்தின் வீச்சு இரண்டு மடங்காகும், மேற்சுரம் அப்படியே நிற்கும். 0.44 இன்னும் பாதியாகக் குறையும்.

ரம்பத்தை இதே ஃபில்ட்டரில் விட்டால்? இரண்டாம் மேற்சுரம் மிக அருகில் நிற்பதால், அடிப்படையோடு ஒப்பிட்டு ஆறில் ஒன்றாக மட்டுமே குறையும். பாதி அளவில் இருந்தது 8 விழுக்காடாக வந்து நிற்கும். சுத்தம் என்று சொல்ல முடியாது. இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது: மேல் ச-வை ட்ரிம்மரால் தீர்த்துவிடுங்கள், ப-வையும் காந்தாரத்தையும் ஃபில்ட்டர் பார்த்துக்கொள்ளும். சமச்சீர் சரியாக உள்ள முக்கோணமோ, திருகிய சைனோ, ஃபில்ட்டருக்குள் போனால் வெளியே வருவது சோதனைக்கூடக் கருவியோடு போட்டி போடும்.

ஒரு நிபந்தனை. ஃபில்ட்டருக்குள் அலையைச் சிறிதாக அனுப்புங்கள். ஏணி ஃபில்ட்டரிலும் அதே டிரான்சிஸ்டர் ஜோடிதான் வாசலில் நிற்கிறது. பெரிதாக அனுப்பினால் அதுவே திரிபை உண்டாக்கும். குறைந்த ஒலியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஃபில்ட்டரே பாடினால்

ரெசனன்ஸை முழுதாகக் கூட்டினால் ஃபில்ட்டர் எந்த உள்ளீடும் இல்லாமல் தானே ஒலிக்கும். ஏணி ஃபில்ட்டரில் கட்ஆஃப் அதிர்வெண்ணில் அலை நான்கில் ஒன்றாகிறது என்று பார்த்தோம். பின்னூட்டத்தில் நான்கு மடங்கு பெருக்கித் திருப்பி அனுப்பினால் இழந்தது ஈடாகி, அலை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் வளராமல் தடுப்பது வாசலில் உள்ள டிரான்சிஸ்டர் ஜோடியின் சாய்வு. அந்தச் சாய்வில் பிறக்கும் மேற்சுரங்கள் அடுத்து நான்கு படிகளையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். எனவே வருவது நல்ல சைன்.

ரகசியம் ரெசனன்ஸ் குமிழில் இருக்கிறது. ஒலி பிறக்கும் இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழை மட்டும் திருப்புங்கள். அங்கேதான் சுத்தம் அதிகம். குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டால் வாசலில் திரிபு கூடி, ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஃபில்ட்டரைத் தாண்டியும் கசியும். எல்லா ஃபில்ட்டர்களும் ஒரே மாதிரி இல்லை. கோர்க் எம்எஸ்-20 வகை ஃபில்ட்டரில் பின்னூட்டத்தை டயோடுகள் வெட்டுகின்றன. அதன் கத்தலுக்காகவே அதை வாங்குகிறார்கள், சைனுக்காக வாங்க வேண்டாம்.

இந்த வழியின் குறை, சுருதி. பல ஃபில்ட்டர்கள் ஒரு வோல்ட்டுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி ஏறுவதில்லை. வெப்பத்துக்கு ஈடுகட்டும் மின்தடையும் பலவற்றில் இல்லை. நீண்ட ஒற்றைச் சுரத்துக்கும், கீழ்ச்சுருதி முழக்கத்துக்கும் நல்லது. ராகம் வாசிக்கப் போனால் சோதிக்கும். சுருதியும் சுத்தமும் ஒன்றாக வேண்டுமென்றால் குவாட்ரச்சர் ஆஸிலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தொகையிடும் சுற்றுகளை வளையமாகக் கோத்து, நேராகவே சைனையும் கால் சுற்று தள்ளிய இன்னொரு சைனையும் தருவது அது. டோப்ஃபரின் ஏ-143-9 இந்த வகை.

துளைக்கு வெளியே

ஆஸிலேட்டரில் பாடுபட்டுச் சுத்தம் செய்ததை வழியில் கெடுத்துவிடுவது எளிது. விசிஏ என்ற ஒலியளவு மாடுலுக்குள் பெரிதாக அனுப்பினால் அங்கே ப முளைக்கும். யூரோரேக் அலை உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வரை இருக்கும். கணினியோடு இணைக்கும் ஆடியோ பெட்டிகள் சில அதை அப்படியே தாங்காது. அவற்றுக்குக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும். அலைமாலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் வரிசையாக நின்றால், ஆஸிலேட்டரைத் திட்டுவதற்கு முன் அளவைக் குறைத்துப் பாருங்கள். மேற்சுரங்கள் அடிப்படையைவிட வேகமாக மறைந்தால் குற்றவாளி அந்தப் பெட்டிதான்.

50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ ஒரு முனை நின்றால் அது மேற்சுரமே அல்ல. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் இணைப்பையும் மின் அடாப்டரையும் கவனியுங்கள்.

ஒலிபெருக்கி இன்னொரு பொறி. கைப்பேசியின் ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதில் நீங்கள் கேட்பது மேற்சுரங்களை மட்டும்தான். நல்ல ஒலிபெருக்கியிலும் தாழ்ந்த சுரத்தில் கவனம் வேண்டும். மனிதக் காதுக்கு 55 ஹெர்ட்ஸ் மந்தமாகவும் 165, 275 ஹெர்ட்ஸ் அதைவிடத் தெளிவாகவும் கேட்கும்; ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் ஒரு விழுக்காடு திரிபு மேல்ஸ்தாயியில் கவனிக்கப்படாமல் போகலாம், கீழ்ஸ்தாயியில் போகாது. நெஞ்சில் இடிக்கும் சுத்தமான கீழ்ச்சுருதி வேண்டுவோர், தாழ்ந்த சுரத்தில் வைத்தே எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

எதற்கு இத்தனை பாடு?

சைனை அப்படியே கேட்பதற்காக என்றால் இவ்வளவு தேவையில்லை. ஒன்றோடொன்று பெருக்கும்போதுதான் சுத்தத்தின் அருமை தெரியும். ரிங் மாடுலேட்டர் இரண்டு அலைகளைப் பெருக்கும். 440, 100 என்ற இரண்டு சுத்தமான சைன்களைக் கொடுத்தால் வெளியே வருவது இரண்டே ஒலி: கழித்தல் 340, கூட்டல் 540. மணியோசை போல் கணீரென்று இருக்கும். இரண்டு சைனிலும் மூன்றாம் மேற்சுரம் ஒட்டிக்கொண்டிருந்தால் 1320உம் 300உம் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். 1220, 1420, 140, 740, 1020, 1620 என்று ஆறு புதிய ஒலிகள் வரும். இவற்றில் பெரும்பாலானவை ச, ப, காந்தாரம் என்று இனிய உறவில் நிற்பவை அல்ல. எந்தச் சுரத்தோடும் சேராத கூட்டம். மிதமான திரிபு பெருக்கத்தில் இப்படித்தான் கலங்கலாகிறது. ஜான் சௌனிங் 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த எஃப்எம் முறையிலும், அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்கும் முறையிலும், இதே கதை. சைன் சைனை அசைக்கும்போது எந்தெந்த ஒலி பிறக்கும் என்று கணக்கிட முடிகிறது. கலப்படம் சேர்ந்தால் கணக்கு கைவிட்டுப் போகிறது. மூக்கைப் போலவே சிந்தசைசர் வடிவமைத்த டான் புக்லா தம் கருவிகளில் சைனிலிருந்து தொடங்கி, அதை மடித்து மடித்து மேற்சுரங்களைச் சேர்த்துக்கொண்டு போனார். மூக் ரம்பத்திலிருந்து தொடங்கி வடிகட்டிக் குறைத்தார். புக்லாவின் வழியில் போக விரும்புகிறவருக்குத் தொடக்கம் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

உறுமி அடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. உறுமியின் இழுவை ஓசையைச் சிந்தசைசரில் கொண்டுவர, சைனின் சுருதியைச் சட்டென்று வழுக்கிக் கீழே இறக்குங்கள்; கூடவே ஒலியளவும் சீக்கிரம் அடங்கட்டும். ரோலண்டு டிஆர்-808 பெட்டியின் பேஸ் டிரம்முக்கு அடியிலும் அடங்கிவரும் ஒரு சைன் போன்ற அலைதான் இருக்கிறது. இழுவையில் ரீங்காரம் கேட்டால், வழுக்குவதை நிறுத்திவிட்டு அதே சுரத்தை நீளமாகப் பிடித்துக் கேளுங்கள். மேல் ச கேட்கிறதா, ப கேட்கிறதா? அதைப் பொறுத்து எந்த ட்ரிம்மர் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.